தோட்டத்து நாயும் கோடைத் தீயும்

மாசி பிறந்ததும் போடி, கோம்பை, உத்தமபாளையம் பகுதிகளில் மலைச்சரிவுப் புல் காயத் தொடங்கிவிடும். இரவில் மலைமீது தீ வரிசையாக எரிவதைக் காண்பது அந்த அடிவாரத்து ஊர்களுக்குப் புதிதன்று. 2018 மார்ச் 11 அன்று போடியை அடுத்த குரங்கணி மலையில் பற்றிய தீ, மலையேறச் சென்றிருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன்பின் மனிதர்களின் பாதுகாப்புப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. அதே அடிவாரத் தோப்புகளில் சங்கிலியில் நிற்கும் வாயில்லா ஜீவனைப் பற்றியும் நாம் பேச வேண்டியிருக்கிறது.

இப்பகுதிகளில் நம் சமுதாயத்தார் பலருக்கு வீடு ஊருக்குள்ளும், மாந்தோப்போ இலவந்தோப்போ அடிவாரத்திலும் இருக்கின்றன. தோப்புக்குக் காவல் நாய்தான். கோம்பை என்னும் ஊரின் பெயரையே தாங்கிய நாயினம் இம்மண்ணுக்கு உரியது. காவலுக்கும், ஒரு காலத்தில் வேட்டைக்கும் பெயர்பெற்ற அந்த இனம், ஓரிடத்தில் அடங்கி நிற்கும் இயல்புடையதன்று. ஓடினால்தான் அதன் துடிப்பு தணியும். அப்படிப்பட்ட உயிரை இரவும் பகலும் சில முழச் சங்கிலியில் நிறுத்திவிட்டு, மாலையில் சோறு வைத்து வீடு திரும்பும் வழக்கம் பரவலாக உள்ளது. நள்ளிரவில் காற்று திரும்பித் தீ தோப்புக்குள் இறங்கினால் அந்த நாயை அவிழ்த்துவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

தோட்டத்திற்கும் கால்நடைக்கும் காவலாக நாய் வைத்திருப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது. இத்தகைய தேவையின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலேயே இந்த விதிவிலக்கும் இடம்பெற்றுள்ளது. அனுமதியைப் பயன்படுத்திக்கொள்பவர் அதனுடன் சேர்ந்து வரும் கடமையையும் ஏற்றாக வேண்டும். காவலுக்கென்று வைத்துக்கொண்ட உயிர் நம் கையில் ஓர் அமானிதம்.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த செய்தியை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். ஒரு பூனையைச் சாகும்வரை அடைத்துவைத்ததற்காகத் தண்டனைக்குள்ளான பெண்ணின் செய்தியும் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை, தானே இரைதேடிக்கொள்ள அதை விடவுமில்லை. குற்றம் இரண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். சோறு வைப்பவர் முதல் குற்றத்திலிருந்து தப்புகிறார். தீ வரும் பருவத்தில், தப்பியோட வழியே இல்லாதபடி ஓர் உயிரைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்கச் செல்பவர் இரண்டாவதிலிருந்து தப்புகிறாரா? இது ஃபத்வா அன்று. அந்த ஹதீஸை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

“அவிழ்த்துவிட்டால் நஜீஸாகிவிடுமே” என்று சிலர் தயங்குகின்றனர். எச்சில் பட்ட பாத்திரத்தை ஹனஃபி மத்ஹபில் மூன்று முறையும், ஷாஃபிஈ மத்ஹபில் ஒருமுறை மண்ணிட்டு ஏழு முறையும் கழுவ வேண்டும். நாயின் மேனியும் நம் ஆடையும் உலர்ந்த நிலையில் உரசினால் ஆடை அசுத்தமாவதில்லை என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடில்லை. தொழும் இடத்தையும் தண்ணீர்க் குடத்தையும் வேலியிட்டுக் காத்துக்கொள்ளலாம். பேணுதலுக்கு வழியிருக்கும்போது அதையே காரணமாகக் காட்டி ஓர் உயிரைக் கட்டிவைப்பது பொருந்தாது.

“காட்டுக்குள் ஓடிவிடும், ஆட்களைக் கடித்துவிடும்” என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு பழக்குவதுதான். வேட்டைப் பிராணிகளுக்கு மனிதர் பயிற்சியளிப்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் குறிப்பிடுகிறது. குரல் கொடுத்ததும் திரும்பி வரப் பழகிய நாயைப் புகை சூழ்ந்த நேரத்திலும் அழைத்துக்கொண்டு வெளியேறலாம். வெறிநோய்த் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும்.

கோடை முடியும்வரை செய்யக்கூடியவை எளியவையே. சங்கிலிக்குப் பதிலாக நாய் உலாவும் அளவுக்கு வேலியடைப்பு அமைக்கலாம். கட்டியே ஆக வேண்டுமெனில் ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடலாம். அது நிற்குமிடத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லையும் சருகையும் அகற்றி, நிழலில் தொட்டி நிறையத் தண்ணீர் வைக்கலாம். மலையில் தீ தெரியும் இரவுகளில் அதைத் தோப்பில் தனியே விடாமல் ஊருக்கு அழைத்து வரலாம். வெளியேற நேர்ந்தால் நாயை அவிழ்ப்பது யார் பொறுப்பு என்பதை வீட்டில் முன்கூட்டியே முடிவுசெய்து, தீயணைப்பு நிலையத்தின் 101 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கலாம்.

ஆண்டு முழுவதும் நம் மாங்காயையும் தேங்காயையும் காத்து நிற்கும் உயிர் அது. இவ்வாரம் தோப்புக்குச் செல்லும்போது, சோற்றை வைத்துவிட்டு உடனே திரும்பாமல் அதன் கழுத்துச் சங்கிலியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம், இன்ஷா அல்லாஹ்.