கருவுற்ற காலத்தில் நெஞ்செரிச்சல்

பிள்ளைத்தாய்ச்சிக்கு நெஞ்சு கரித்தால் வயிற்றிலுள்ள மகவுக்கு முடி அடர்ந்து வளர்கிறது என்று நம் இல்லங்களில் மூத்தோர் கூறுவதுண்டு. வெறும் கதையென்று இதை நாம் தள்ளிவிடலாம். ஆயினும் 2006-இல் அமெரிக்காவில் 64 கருவுற்ற பெண்களைக் கவனித்த ஆய்வாளர்கள், நெஞ்செரிச்சல் மிகுந்தோரின் குழந்தைகளுக்குத் தலைமுடியும் மிகுந்திருக்கக் கண்டு வியந்தனர். சிறிய ஆய்வுதான், பாட்டிமார் மகிழ்ந்துகொள்ளட்டும்! ஆனால், "முடிதான் வளர்கிறது, பொறுத்துக்கொள்" என்று சொல்லி மகளையோ மருமகளையோ உறங்காத இரவுகளுக்கு விட்டுவிடுவது நமக்கு உடன்பாடன்று.

நெஞ்செரிச்சல் என்று பெயரிட்டோமேயன்றி இருதயத்திற்கு இதில் பங்கில்லை. உண்டது மேலே திரும்பாதபடி இரைப்பையின் வாயிலை ஒரு தசைவளையம் மூடிக் காக்கிறது. கருவைப் பேணும்பொருட்டு உடலில் பெருகும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், கருப்பைத் தசையைத் தளர்த்துவதோடு இவ்வளையத்தையும் தளர்த்திவிடுகிறது. அமிலம் உணவுக்குழலில் ஏறிச் சுடுகிறது. மாதம் ஏற ஏற, வளரும் கருப்பை இரைப்பையை மேல்நோக்கி நெருக்குவதால் தொல்லை கூடும். பேறுகாலத்திற்குப்பின் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

"இரண்டு உயிருக்கு உண்ண வேண்டும்" என்று தட்டை நிரப்பி வற்புறுத்துவதைக் கைவிடுவோம். ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாக அவள் உண்ணட்டும். இரவு உணவு, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னரே முடிய வேண்டும். வீட்டார் அனைவரும் உண்டு எழும்வரை அவள் காத்திருக்கும் வழக்கத்தால் இது நடப்பதில்லை; கணவன்மார் இதனைச் சற்று எண்ணிப்பார்ப்பார்களாக. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் உறுதியான மரக்கட்டை வைத்து அரையடி உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தமே கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தல் நலம். காரம், புளி, எண்ணெய்ப் பலகாரம், காப்பி ஆகியவற்றுள் எது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவளே அறிவாள்.

சமையற் சோடாவை நீரிற் கரைத்துக் குடிப்பது வேண்டாம். அதிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கும். அமிலமுறிவு மருந்தை மருத்துவரைக் கேட்டே கொள்க. அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடலிற் சரிவரச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுக. நெஞ்சு கரிக்கிறதென்று இரும்பு மாத்திரையையே நிறுத்திவிடுவோரும் உளர். இரத்தசோகை மலிந்த நம் நாட்டில் அது பெருங்கேடு.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூற விழைகிறோம். ஐந்தாம் மாதத்திற்குப்பின் மேல்வயிற்றில், குறிப்பாக வலது விலாவின்கீழ், விடாத வலி, கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், கண்முன் பொறி பறத்தல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல். இவற்றை நெஞ்செரிச்சலென்று எண்ணற்க. இரத்த அழுத்தம் ஏறிக் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் கர்ப்பகால நோயின் அறிகுறிகள் இவை. எல்லாம் ஒருங்கே தோன்ற வேண்டுமென்பதில்லை. வலிப்பு கண்டு தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஓமநீரைக் கொடுத்துவிட்டு விடியட்டுமென்று காத்திராமல், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் உண்டா என்பதையும் பார்க்கச் செய்க.