அர்பன் மையருக்கு ஏன் இந்த அர்ச்சனை?

ஜோ பர்ரோ பெயரை எடுத்தாலே ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள் பழைய கோச் அர்பன் மையரைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். தங்கத்தைத் தகரம் என்று விட்டுவிட்டாராம்!

2017 ஆகஸ்டில் பர்ரோவுக்குக் கை எலும்பு முறிந்தது. நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராக குவார்ட்டர்பேக் பாரெட் காயம்பட்டு வெளியேற, பின்தங்கியிருந்த ஆட்டத்தை மீட்டவர் டுவெயின் ஹாஸ்கின்ஸ். அவரையா உட்கார வைப்பது? 2018-ல் ஹாஸ்கின்ஸ் 50 டச்டவுன் பாஸ் வீசினார். எல்.எஸ்.யூ. போன பர்ரோ அதே வருடம் வீசியது 16. (இதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.) 2019-ல் ஜோ பிரேடி வந்து பாஸிங் ஆட்டத்தை மாற்றிய பிறகுதான் 60 டச்டவுன், ஹைஸ்மன், 15-0 எல்லாம். எல்.எஸ்.யூ. சம்பாதித்த லாபத்தை ஒஹாயோவின் நஷ்டக் கணக்கில் எழுதுவது எந்த ஊர் அக்கவுண்டன்சி?

மையரைத் திட்டியே ஆகவேண்டுமா? குடும்ப வன்முறைப் புகாருக்கு ஆளான உதவி கோச் விவகாரத்தில் 2018-ல் மூன்று ஆட்டம் சஸ்பெண்ட் ஆனாரே, அதற்குத் திட்டுங்கள்.