ஐந்தாவது அட்டவணையில் கல்வராயன் மலை ஏன் இல்லை?

கல்வராயன் மலை தமிழ்நாட்டின் கண்ணில் படுவது மூன்று சமயங்களில்தான்.

ஒன்று, சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். உடனே எல்லோருக்கும் கல்வராயன் மலை நினைவுக்கு வந்தது. போலீஸ் மலையேறி ஊறல்களைக் கொட்டியது. மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்ததும் அதன் பிறகுதான்.

இரண்டு, செம்மரம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து மரம் வெட்டக் கூலிக்குப் போன ஏழைகள் அவர்கள். அவர்களில் கல்வராயன் மலை மக்களின் உறவுச் சமூகமான மலையாளிப் பழங்குடியினரும் உண்டு. மரத்தைக் கடத்தி விற்றுப் பணம் பார்த்தவர்கள் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை.

மூன்று, கனிமம். இந்தப் பக்கத்து மலைகளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அரசும் கம்பெனிகளும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கணக்கெடுத்து வருகின்றன.

சாராயம் காய்ச்சுபவன், மரம் வெட்டுபவன், கனிமத்தின் மேல் குடியிருப்பவன். இந்த மூன்று பெயர்களில்தான் அரசுக்கு மலைவாசியைத் தெரியும். மலைக்குச் சொந்தக்காரன் என்ற நான்காவது பெயர் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் கைக்கு வந்தது. அதுவரை மக்கள் வரியும் கட்டினார்கள், கூலியில்லாமல் வெட்டி வேலையும் செய்தார்கள். ஜாகிர் ஒழிந்த பிறகாவது உழுத நிலம் உழுதவன் பெயருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஜாகிர்தார் இருந்த இடத்தில் வனத்துறை வந்து உட்கார்ந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் போட்ட கொல்லைகள் பல, காகிதத்தில் காப்புக்காடு ஆயின. ஆய்வுக்காக மலை ஊர்களில் தங்கும் நாட்களில் பெரியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "தம்பி, படிச்சவன் நீ சொல்லு. இது எங்க நெலமா, பாரஸ்ட்டு நெலமா?" 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் கேட்கிறார்கள். நீதிமன்றத் தடையைக் காட்டி அந்தச் சட்டத்தின்படி பட்டா கொடுக்காமல் 2016 வரை இழுத்தடித்த மாநிலம் நம்முடையது.

இனி, மலையைச் சுற்றிப் பாருங்கள். மேற்கே சேர்வராயன் மலை, தென்மேற்கே கொல்லிமலை. இரண்டிலும் மேட்டூர் மால்கோ ஆலைக்காகப் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். சேலத்துக் கஞ்சமலையிலும் திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்திமலை, வேடியப்பன் மலைகளிலும் இரும்புத்தாது இருக்கிறது. ஜிண்டால் கம்பெனியுடன் டிட்கோ கைகோத்து அங்கே சுரங்கம் தோண்ட வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றதால்தான் அந்த மலைகள் இன்னும் மலைகளாக இருக்கின்றன. வடமேற்கே அரூர் வட்டாரத்தில் மாலிப்டினம். கிழக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. நடுவில் கல்வராயன். இன்று இங்கே பெரிய சுரங்கம் எதுவும் இல்லை. பேச வேண்டிய நேரம் இதுதான். புல்டோசர் வந்த பிறகு பேசினால் அது இழப்பீட்டுப் பேச்சாக மட்டுமே இருக்கும்.

சேர்வராயன், கொல்லி, கல்வராயன் எல்லா மலைகளிலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பாக்சைட் கீழே இறங்கி அலுமினியமாகி ஊர் ஊராகப் போனது. அதை வைத்து மலைமேல் ஒரு மருத்துவமனை வந்ததா? ஒரு கல்லூரி வந்ததா? சுரங்கத்தில் பங்குதாரராக ஒரு மலையாளிக் குடும்பமாவது இருந்ததா? லாரி ஏற்றும் கூலிதான் பங்கு.

இது நம் மலைகளின் கதை மட்டும் அல்ல. 2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அந்த நிலக்கரியும் இரும்பும் பாக்சைட்டும் பெரும்பாலும் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களின் ஆதிவாசி நிலத்துக்கு அடியிலிருந்து வருகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 8.6 சதவீதமே உள்ள பழங்குடியினர், அணை, சுரங்கம் போன்ற திட்டங்களால் இடம்பெயர்க்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாடு வளர்கிறது என்று சொல்லும்போது யாருடைய வீட்டின் மேல் வளர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த மாநிலங்களின் ஆதிவாசிகளுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அதுதான் அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை. அதன்படி அறிவிக்கப்பட்ட பகுதியில் பழங்குடி நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுக்கலாம். அங்கே 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் செல்லும், கிராம சபைக்கு அதிகாரம் உண்டு. 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆந்திரத்தின் பட்டியல் பகுதியில் அரசு நிலத்தைக்கூடத் தனியார் கம்பெனிக்குச் சுரங்கக் குத்தகையாகக் கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சுரங்க நிகர லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்த மக்களின் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையை வேதாந்தா ஆலைக்காகத் தோண்டுவது பற்றிக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மலை தப்பியது.

நாட்டில் 10 மாநிலங்களில் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் உள்ளன. தமிழ்நாட்டில் ஒரு சதுர அடிகூட இல்லை. 2011 கணக்குப்படி ஏறத்தாழ 8 லட்சம் பழங்குடியினர் இங்கே வாழ்கிறார்கள். பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கிறது, ஆனால் ஆலோசனை சொல்லிக் காக்க வேண்டிய பட்டியல் பகுதி இல்லை. பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை. 234 சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டு மட்டுமே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை. மக்களவையில் ஒன்றுகூட இல்லை. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை பேசும் இரு கழகங்களும் மாறி மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டிருக்கின்றன. பட்டியல் பகுதியை அறிவிப்பவர் குடியரசுத் தலைவர் என்பது உண்மைதான். அப்படி அறிவிக்கக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் போடுவதை யார் தடுத்தார்கள்?

இதற்கிடையே ஒன்றிய அரசு கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைக்கிறது. 2022-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், காட்டைப் பிற பயன்பாட்டுக்குக் கொடுக்க ஒன்றிய அரசு ஒப்புதல் தரும் முன்பே வன உரிமைகள் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டு, அந்தப் பொறுப்பை மாநிலத்தின் தலையில் கட்டின. 2023-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் 24 கனிமங்களை முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் கொடுத்தது. டங்ஸ்டனும் மாலிப்டினமும் அந்தப் பட்டியலில் உண்டு. 2025 செப்டம்பரில் அப்படிப்பட்ட கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் சொல்லிவிட்டது.

அரிட்டாபட்டியை நிறுத்தினோமே என்று கேட்கலாம். நிறுத்தினோம், மகிழ்ச்சிதான். 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஏலம் போன டங்ஸ்டன் வட்டாரத்தை மேலூர்ப் பகுதி மக்கள் இரண்டரை மாதத்தில் ரத்து செய்ய வைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு பின்வாங்கியது. அவர்களிடம் பட்டா நிலம் இருந்தது, வாக்கு எண்ணிக்கை இருந்தது, மதுரை பக்கத்தில் இருந்தது. கரியாலூரிலோ சேராப்பட்டிலோ இதே ஏலம் நடந்தால், பட்டா இல்லாத, மலைக்கு வெளியே யாரும் எண்ணாத மக்களுக்காக அதே வேகத்தில் சட்டமன்றம் கூடுமா? போராட்டத்தின் பலத்தை மட்டும் நம்பி ஒரு மக்களை விடக்கூடாது என்பதற்காகத்தானே சட்டப் பாதுகாப்பு?

"கனிமம் வேண்டாம் என்றால் மின்சாரம் எங்கிருந்து வரும், செல்போன் எங்கிருந்து வரும்?" என்பது அடுத்த கேள்வி. நாம் கேட்பது தோண்டலாமா என்பதோடு நிற்கவில்லை. யாரைக் கேட்டுத் தோண்டுகிறாய், யாருக்கு எவ்வளவு என்றும் கேட்கிறோம். கல்வராயன் மலை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மலையில் பெய்யும் மழைதான் கோமுகி அணையில் தேங்கிச் சமவெளியின் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில் அரைபடும் கரும்பிலும் மலையின் தண்ணீர் இருக்கிறது. அதற்கு மலைக்கு என்ன கொடுத்தோம்?

நெய்வேலியைப் பாருங்கள். 1956-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். நிலம் போனவர்களில் பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்தது. அதே வயலில் நடவு நட்ட, களை பறித்த தலித் பெண்ணுக்கு? இழப்பீடு பட்டாவைப் பார்த்து வருகிறது. பட்டாவோ சாதியைப் பார்த்து வந்தது. பொதுத்துறை என்பதால் நிரந்தர வேலையில் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி என்ற பெயரில் ஆள் எடுத்தால் அதுவும் கிடையாது. தனியாருக்கு ஏலம் விட்டால் மேலாளர் முதல் பியூன் வரை எந்த நாற்காலிக்கும் ஒதுக்கீடு கிடையாது. சுரங்கத் தனியார்மயம் என்பது பொருளாதாரக் கொள்கை மட்டும் அல்ல, இட ஒதுக்கீட்டுக்கு வைக்கும் வேட்டு.

இதை அண்ணல் அம்பேத்கர் அன்றே பார்த்தார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரக் கொள்கையும் சுரங்கத் தொழிலாளர் பிரச்சினையும் அவர் மேசைக்கு வந்தன. 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவானது. 1947-இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக இருக்க வேண்டும் என்றார். இயற்கை வளம் தனியார் கையில் போனால் அது சாதியின் கையில்தான் போய்ச் சேரும் என்பதற்கு நம் ஊர்க் கல்குவாரிகளே சாட்சி. குத்தகை எடுப்பவர் யார், கல் உடைப்பவர் யார், வெடிச் சத்தத்தில் சுவர் விரிவது எந்தத் தெருவில் என்று உங்கள் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

சாதி ஒழிப்பு இயக்கத்தில் இருக்கும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் நடுவே உள்ள சுவரைப் பார்க்கப் பழகிய நாம், அடிவாரத்துக்கும் மலைக்கும் நடுவே உள்ளதையும் பார்க்க வேண்டும். பஞ்சமி நில மீட்பும் வன உரிமையும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள்.

கேட்க வேண்டியவை நான்கு. கல்வராயன், சேர்வராயன், கொல்லி, ஜவ்வாது உள்ளிட்ட மலைகளை ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளாக அறிவிக்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் வேண்டும். தனிப்பட்டாவோடு நிற்காமல், ஊர் ஊராகச் சமூக வன வள உரிமையைக் கொடுத்து முடிக்கும் வரை இந்த மலைகளில் எந்தக் கனிம ஆய்வுக்கும் மாநில அரசு அனுமதி தரக்கூடாது. மாவட்டக் கனிம அறக்கட்டளையில் சேரும் பணத்தின் வரவு செலவு ஒவ்வொரு கிராம சபையிலும் படிக்கப்பட வேண்டும், அதன் நிர்வாகக் குழுவில் தலித், பழங்குடிப் பெண்கள் உட்கார வேண்டும்.

முதல் மூன்றுக்கும் டெல்லியைக் கைகாட்டத் தேவையில்லை. நான்காவதற்கு ஆட்சியர் அலுவலகமே போதும். கனிமம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வரைபடம் போடத் தெரிந்த அரசுக்கு, அந்த இடத்தின் சொந்தக்காரர் பெயரையும் அதில் எழுதத் தெரியும். எழுத வைக்க வேண்டியது நாம்தான்.