தடித்த இதழ் நீடித்து உழைக்குமா?

டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் டர்போவின் அழுத்தம் முழுவதையும், கிராங்க்கேஸுக்குள் காற்றை விடும் ரீட் வால்வின் இதழ்களே தாங்குகின்றன, ஆகவே கிடைப்பதில் தடித்ததைப் போடுங்கள் என்ற வாதம் அடிப்படையிலேயே பிழை. இதழைத் திறப்பது அதன் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் மட்டுமே. டர்போ ஏர்பாக்ஸில் அழுத்தத்தைக் கூட்டும்போது கிராங்க்கேஸின் அழுத்தமும் சேர்ந்தே உயர்கிறது. உதாரணமாக, ஸ்கீ-டூ தன் 2020 மாடல்களில் அறிமுகப்படுத்திய 850 இ-டெக் டர்போ இன்ஜின், சுமார் 2,400 மீட்டர் உயரம்வரை 165 குதிரைத்திறனைக் குறையாமல் தருகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால்பங்கு குறைவு. டர்போ அங்கே ஈடுகட்டுவது அந்தக் குறையைத்தான்.

டர்போவைத் தனியாக வாங்கிப் பொருத்தி அழுத்தத்தை மேலும் ஏற்றுபவர்கள் மறுப்பார்கள். அடர்ந்த காற்று இதழை வேகமாக அடிக்கும், நிமிடத்துக்கு 8,000 சுற்றில் மெல்லிய இதழ் படபடக்கும் என்பார்கள். உண்மைதான், அங்கே விறைப்பு வேண்டும். ஆனால் விறைப்பைத் தடிமனில் தேடக் கூடாது. ஒரே பொருளாலான இரு இதழ்கள் ஒரே அளவு வளைந்தால், தடித்ததன் அடிப்பகுதியிலேயே தகைவு அதிகம். களைப்பு விரிசலுக்கு அது வழிவிடும். எடை குறைந்த, விறைப்பான கார்பன் ஃபைபரே பொருத்தம். எஃகு இதழ் உடைந்தால் துண்டு பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். எந்த இதழானாலும் ஒவ்வொரு பனிக்காலத்துக்கு முன்பும் கழற்றி, நுனி பிசிறியிருக்கிறதா, விளிம்பில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் எழுந்தால் உடனே மாற்றுங்கள்.