புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் திருப்பூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் எதற்காகப் போகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது வகையினர் குடும்பத்தோடு போகிறவர்கள். மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம், ஆரோவில், கடற்கரை என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தவன், அங்கேயே அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்தவர்கள், புறப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள். "பாண்டியில பிரெஞ்சு சாப்பாடு எங்கீங்க சார் நல்லா இருக்கும்?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். பிரெஞ்சு சாப்பாடு கேட்காதீர்கள், புதுச்சேரிச் சாப்பாடு கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

கடற்கரையை ஒட்டிய மஞ்சள் சுவர்த் தெருக்களில் இன்று வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. குரோசான், பாஸ்தா, பீட்சா எல்லாம் கிடைக்கும். பீட்சாவும் பாஸ்தாவும் இத்தாலிக்காரர்களுடையவை என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சாப்பிடுங்கள், தவறில்லை. அந்தக் கடைகளால் பல பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அதே பீட்சா நம் அவிநாசி ரோட்டிலும் கிடைக்கிறது. அதற்காக ஆறேழு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமா?

புதுச்சேரியை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. ஊருக்கென்று உருவான சமையல் பெரும்பாலும் மேற்கில்தான், நம் ஆட்களின் அடுப்பில்தான் உருவானது. ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அந்த வீட்டின் கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் முற்றத்து வீடு; மேல்தளம் ஐரோப்பியத் தூண்களோடு வேறு மாதிரி. புதுச்சேரிச் சமையலும் அந்த வீட்டைப் போலத்தான். அஸ்திவாரம் நம்முடையது.

'ரகு' என்ற குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பிரெஞ்சு. ஆட்டுக்கறியைச் சின்ன வெங்காயம், சோம்பு, கிராம்பு, பட்டையோடு வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார்கள். காரம் குறைவு. அதை ரொட்டிக் கடையின் நீள ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. 'விந்தாய்' என்று இன்னொன்று. ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைக்கும் பழக்கத்தைப் போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்தார்கள். கோவாவில் அது விண்டாலு ஆனது, புதுச்சேரியில் விந்தாய் ஆனது. ஒயினுக்குப் பதில் வினிகர்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் உண்டு. ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்திராட்சை. அந்தக் காலத்தில் வீட்டில் ஏது கேக் அடுப்பு? மாவைத் தகரத் தட்டில் ஊற்றி, ரொட்டிக் கடைக்குக் கொடுத்து அனுப்புவார்கள். எந்தத் தட்டு யார் வீட்டுத் தட்டு என்று கடைக்காரர் அடையாளம் வைத்துக்கொள்வார்.

இன்னொரு கிளை சைகோனிலிருந்து வந்தது. வியட்நாம் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தபோது, புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நிறைய பேர் அங்கே சிப்பாயாகவும் எழுத்தராகவும் போனார்கள். சிலர் அங்கேயே திருமணம் செய்துகொண்டார்கள். பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிந்ததும் பலர் குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். எங்கள் தெருவிலும் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. அந்த வியட்நாம் அம்மாள் கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரித்துத் தரும் 'நெம்' எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வடை, போண்டா மாதிரி பழகிப்போன பலகாரம்.

இதையெல்லாம் விட முக்கியமானது தாளிப்பு வடகம். நம் கொங்குப் பக்கம் வடகம் என்றால் அரிசிக் கூழில் பிழிவது. நான் சொல்வது அதுவல்ல. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, பகலில் வெயிலில் வைத்து, இரவில் மூடி, மறுநாள் மறுபடி பிசைந்து உருட்டி, இப்படிப் பல நாள் காயவைப்பது. கடலூர், தஞ்சைப் பக்கத்தவர்களுக்கும் தெரியும். குழம்பில் ஒரு துண்டு கிள்ளித் தாளித்தால் வாசனை தெருமுனை வரை போகும்.

இந்த வடகம் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பிரான்சுக்குப் போனது. அங்கே அதன் பெயர் 'வதுவான்'. விளக்கெண்ணெயை விட்டுவிட்டு, அவர்கள் ஊர்ச் சின்ன வெங்காயத்தைப் போட்டு, வெயிலுக்குப் பதில் மின் அடுப்பில் உலர்த்தி, சின்னச் சின்ன புட்டிகளில் விற்கிறார்கள். பிரான்சிலும் அமெரிக்காவிலும் பெரிய சமையல்காரர்கள் மீனிலும் கறியிலும் தூவுகிறார்கள். அதைப் 'பிரெஞ்சு மசாலா' என்றே அறிமுகம் செய்கிறவர்களும் உண்டு.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, செக்கிங் முடித்து அனுப்புகிறோம். கழுத்தில் தைக்கிற லேபிள் மட்டும் வேறு யாருடையதோ. பனியனுக்கு நேர்ந்ததுதான் வடகத்துக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பனியனுக்கு நாம் ஆர்டர் எடுத்துக் காசு வாங்குகிறோம். வடகத்துக்கு அதுவும் இல்லை. பாட்டி காலத்துச் சமாச்சாரம் என்று நாமே ஒதுக்கிவிட்டு, குரோசானுக்கு வரிசையில் நிற்கிறோம்.

சிலர் கேட்பார்கள்: அந்நியன் ஆண்ட காலத்துச் சாப்பாட்டை எதற்குக் கொண்டாட வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். 1936 ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பஞ்சாலையிலும் பனியன் கம்பெனியிலும் உழைத்த நம் ஊர்க்காரர்கள் அந்தத் தேதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ரகுவுக்குத் தேங்காய் துருவியது கவர்னர் இல்லை. நம் வீட்டுப் பெண்கள். ஆட்சிக்காரன் போய்விட்டான் என்பதற்காக அவர்கள் கைப்பக்குவத்தையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டுமா?

அந்தக் கைகளில் பல ஏற்கெனவே போய்விட்டன. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பெருமளவில் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் இப்போது பாரிஸ் புறநகரில் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். புதுச்சேரியில் மிஞ்சியிருக்கும் வீடுகளில் இதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் என் வயதுக்காரர்கள். இந்த வயதில் இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுவது கஷ்டமில்லை.

கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம், அதாவது நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. ஊரே வருத்தப்பட்டது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். கட்டடத்துக்குப் படம் இருந்தது, அளவு இருந்தது, கட்ட முடிந்தது. ஒரு குழம்பு அப்படி விழுந்தால் எதைப் பார்த்துக் கட்டுவது? உப்பு எவ்வளவு என்று கேட்டால் "திட்டமா போடு" என்று சொன்ன தலைமுறை அது.

பிரான்சில் ரோக்ஃபோர் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியின் பெயருக்கு 1925லேயே சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். நம் பக்கமும் பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு எல்லாம் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. எந்த முத்திரையும் இல்லாவிட்டாலும் ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் என்று நாம் கேட்டு வாங்குகிறோம். கேட்கிற வாய் இருக்கும்வரை ஒரு பண்டம் பிழைத்துக்கொள்ளும். "கேட்பவர் இல்லை, அதனால் போடுவதில்லை" என்றுதான் அங்கே ஓட்டல்காரர்களும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது பொய் இல்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது ஓட்டலில் உட்கார்ந்ததும், "ரகு இருக்கா? விந்தாய் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு இருக்கும். வியாபாரம் தெரிந்த ஊர்க்காரர்கள் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தங்கும் விடுதி நடத்துகிறவர் உள்ளூர்க் குடும்பம் என்றால், வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். திரும்பும்போது பெரிய மார்க்கெட்டில் தாளிப்பு வடகம் எங்கே என்று கேட்டு, கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன வாசனை என்று கேட்டால், புதுச்சேரி வடகம் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.