குறுக்குவழியும் நேர்வழியும்: ஓர் எரிபொருள் பம்பி சொல்லும் பாடம்

2022ஆம் ஆண்டு யூன் மாதம். நாம் பணிசெய்யும் கொள்ளுப்பிட்டியில் காலி வீதி நெடுகிலும் கார்களும் முச்சக்கர வண்டிகளும் பெற்றோலுக்காக வரிசையில் நின்றன. இரவிலும் வாகனத்தை விட்டு அசையாமல் பலர் அதற்குள்ளேயே உறங்கினர். எரிபொருள் இல்லாவிட்டால் வாழ்வு எப்படி முடங்கும் என்பதைத் தலைநகரம் அப்போதுதான் நேரில் கண்டது. வரிசையில் எமக்கு அருகில் நின்ற வடபகுதி அன்பர் ஒருவர் சிரித்தபடி சொன்னார்: “இதை நாங்கள் தொண்ணூறிலேயே பார்த்து முடிச்சிட்டம்.”

அவர் சொன்னது உண்மை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகங்கள் முதலியன வடக்கிற்குச் செல்வது தடைப்பட்டது. மண்ணெண்ணெயும் அளவோடுதான் கிடைத்தது. அந்த நாட்களில் எமது மக்கள் காட்டிய கைத்திறனை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் பற்றாது. எனவே சிறு போத்தலில் பொன்போலக் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். எரிபொருள் பம்பி பழுதானால், உயரத்தில் ஒரு கானைக் கட்டி, குழாய் வழியே எண்ணெயைத் தானாக வடியவிட்டார்கள். கிழிந்த இறப்பருக்குப் பழைய ரியூப்பை வெட்டிப் போட்டார்கள். அப்படி ஓடிய வாகனங்களே நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன; இடம்பெயர்ந்த குடும்பங்களை ஏற்றி இறக்கின. அதை ஏளனம் செய்பவர் அந்தக் காலத்தை அறியாதவர்.

ஆயினும் இன்று நாம் ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. வழி இல்லாத காலத்தில் கண்டுபிடித்த வழி வேறு. வழி இருக்கும் காலத்தில் தேடும் குறுக்குவழி வேறு. தடை நீங்கிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் தேடினால் மிகப் பழைய இயந்திரங்களுக்கும் பாகம் கிடைக்கும். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பட்டினங்களிலேயே இப்போது பலவற்றை வாங்கலாம். அப்படியிருந்தும் எமது கிராமங்களில் ரியூப் துண்டும் கட்டுக்கம்பியும் சவர்க்காரக் கட்டியும் இன்னும் உதிரிப்பாகங்களாகவே இருக்கின்றன.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் கதையைச் சொல்கிறோம். பல இடங்களில் அலைந்து, எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பியவர்கள். கடன்பட்டுப் பழைய நாலு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். சொந்த வயலை உழுததுடன் அயலாருக்கும் கூலிக்கு உழுதார்கள். ஒரு நாள் பம்பிக்குள் இருக்கும் இறப்பர்த் தட்டு கிழிந்தது. ரியூப் துண்டை வட்டமாக வெட்டிப் போட்டு ஓடவிட்டார்கள். சில நாட்களின் பின் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தபோது இயந்திர எண்ணெயின் மட்டம் குறையாமல் கூடியிருந்தது. “எண்ணெய் குடிக்கவில்லை, நல்ல இயந்திரம்” என்று மகிழ்ந்தார்கள். உண்மையில் நடந்தது வேறு. ரியூப் இறப்பர் டீசலில் ஊறிப் பொருமி மீண்டும் கிழிந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாக டீசல் இயந்திரத்தின் அடிப்பாத்திரத்திற்குள் வடிந்து எண்ணெயைத் தண்ணீராக்கியது. வழுவழுப்பு இழந்த எண்ணெயில் ஓடிய இயந்திரம் காலபோக உழவு தொடங்கிய வாரத்தில் இறுகி நின்றது. புதிய பம்பியின் விலை, இயந்திரத்தைப் பிரித்துக் கட்டிய செலவில் ஒரு சிறு பங்கே. அந்தப் போக வருமானம் முழுவதும் போயிற்று, கடனோ நின்றது.

“காசு இருந்தால் நாங்கள் ஏன் ரியூப்பை வெட்டுகிறோம்?” என்று வாசகர்கள் கேட்பது எமது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது, தோட்டத்திற்கு இறைப்பவர்களின் நிலை என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம். ஆனால் நேர்வழி எப்போதும் செலவான வழி என்று எண்ணுவது தவறு. நேர்வழியின் முதற்படி பம்பியை மாற்றுவதல்ல. பம்பிதான் பழுதா என்று பார்ப்பது. அதற்குச் செலவே இல்லை.

தாங்கியின் மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் எண்ணெய் இறங்காது. மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் இயந்திரம் சீராக ஓடினால், குற்றம் மூடியில்தான். வடிகட்டி அடைபட்டிருக்கலாம், தாங்கியின் அடியில் தண்ணீரும் துருவும் தேங்கியிருக்கலாம். குழாயில் மயிர்போன்ற வெடிப்பு இருந்தால், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமலே அது காற்றை உள்ளே இழுக்கும். டீசல் இயந்திரத்தை நிறுத்த அந்தக் காற்றே போதும். இவற்றைப் பார்க்காமல் பம்பியைக் கழற்றுபவர், நல்ல பம்பியை எறிந்துவிட்டுப் பழுதை வைத்துக்கொள்கிறார்.

பம்பிதான் பழுது என்று தெரிந்தால், இயந்திரம் ஆறும்வரை பொறுத்து, பற்றறியின் இணைப்பைக் கழற்றி, எண்ணெய்க் குழாயைப் பூட்டுங்கள். சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னரே ஆணியில் கைவையுங்கள். பழைய பம்பியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதியதன் அருகில் வைத்து, அதன் நெம்புகைக் கம்பியின் நீளத்தையும் வளைவையும் ஒப்பிடுங்கள். பம்பிக்கும் இயந்திர உடலுக்கும் இடையே வரும் காஸ்கற்றின் தடிப்பும் முக்கியம். அது மெலிந்தால் கம்பி அளவுக்கு மீறித் தள்ளப்பட்டுப் புதிய இறப்பர்த் தட்டும் கிழியும். தடித்தால் எண்ணெய் போதாது. அட்டைப்பெட்டியை வெட்டிப் போடுபவர்கள் இதை நினைப்பதில்லை. இரண்டு ஆணிகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். டீசல் இயந்திரமாயின், குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய தட்டு கிழிந்திருந்தால் இயந்திர எண்ணெயையும் கட்டாயம் மாற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். மேலே சொன்ன குடும்பம் இதை அறிந்திருந்தால் அந்த இயந்திரம் இன்றும் உழுதுகொண்டிருக்கும்.

உயரத்தில் கான் கட்டுவதே பிழை என்று நாம் சொல்லவில்லை. இரு சில்லு உழவு இயந்திரத்திலும் பல மோட்டார் சைக்கிள்களிலும் தாங்கி மேலேயே இருக்கிறது; எண்ணெய் தன் பாரத்தால் இறங்குகிறது. அது நல்ல முறை. ஆனால் அங்கே பூட்டும் வாய் இருக்கிறது, வடிகட்டி இருக்கிறது, தாங்கி அசையாமல் பூட்டப்பட்டிருக்கிறது. பிளாஸ்ரிக் கானைக் கயிற்றால் கட்டிச் சூடான புகைக்குழாய்க்கு மேலே தொங்கவிடும்போது இவை எதுவும் இல்லை.

பெற்றோல் வாகனங்களில் ஆபத்து இன்னும் பெரிது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். பெற்றோலோ பூச்சியத்திற்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அதைத் தரும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தங்கும். இன்று எமது ஊர்களில் ஓடும் பாவித்த கார்கள், வான்கள் பலவற்றில் மின்பம்பி தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. தாங்கியை இறக்கச் சோம்பல்பட்டு, வாகனத்தின் தளத்தையே மின்வாளால் வெட்டித் துவாரம் போடுபவர்கள் இருக்கிறார்கள். பொறி பறக்கும் வாளுக்குக் கீழே இருப்பது பெற்றோல் தாங்கி! “தாங்கி வெறுமை, பயமில்லை” என்பார்கள். ஆவி நிறைந்த வெறுந்தாங்கியே நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. பல வாகனங்களில் பின் ஆசனத்தைத் தூக்கினால் பம்பியை எடுப்பதற்கான மூடி ஏற்கெனவே இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இல்லையேல் தாங்கியை இறக்குவதே வழி.

இன்னுமொரு பழக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். குழாயை வாயில் வைத்து எண்ணெயை உறிஞ்சி எடுப்பதை வீரம்போல் கருதுகிறோம். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. வேலை முடிந்ததும் மீதி எண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றித் திண்ணையில் வைக்கிறோம். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீராகவே தெரியும். குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தனி ஒரு குடும்பத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதை நாம் ஏற்கிறோம். அதனால்தான் கமக்காரர் அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதைத் தம் பொறுப்பாக எடுக்க வேண்டும் என்கிறோம். ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி நல்ல சாவிகள், ஒரு தீயணைப்புக் கருவி, அடிக்கடி தேவைப்படும் வடிகட்டிகளும் இறப்பர்த் தட்டுகளும் சில. ஒவ்வொரு போகத்திலும் ஒவ்வொருவரும் சிறு தொகை போட்டாலே இவற்றை வாங்கிவிடலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஊரிலிருந்து ஓர் இளைஞனையோ யுவதியையோ அனுப்பினால், அந்த அறிவு ஊருக்கே திரும்பி வரும்.

அன்பார்ந்த வாசகர்களே, இடம்பெயர்ந்த காலத்தில் நாம் எதையும் தற்காலிகமாகவே செய்து பழகினோம். கொட்டில் தற்காலிகம், கிணறு தற்காலிகம், பாடசாலை தற்காலிகம். நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவன் ஆணியை முழுதாக இறுக்க மாட்டான். அதில் அவன் குற்றம் இல்லை. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்களின் நோவும் எமக்குத் தெரியும். ஆனால் திரும்பிவந்து விதைத்தவர்கள், அறுவடைவரை இங்கே இருக்கப்போகிறவர்கள். இருக்கப்போகிறவர்கள் செய்யும் வேலையாக எமது வேலை இருக்கட்டும். இம்முறை அந்த ஆணியை முழுதாக இறுக்குவோம்.