நாலு ஸ்பேஸ் போடுங்க

உயர்தரத்தில் ஐசிடி படிக்கிற தம்பி ஒருத்தன் போன வாரம் எங்களிடம் ஒரு டியூசன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஏதோ ஒரு கம்யூனிகேஷன் கடையில் டைப் பண்ணி போட்டோகொப்பி அடிச்சது. உள்ளே இருந்த பைத்தன் நிரல்கள் அத்தனையும் பக்கத்தின் நடுவில், கல்யாணப் பத்திரிகை மாதிரி, சென்டர் பண்ணியிருந்தன. பார்க்க அழகுதான். ஆனா அப்படியே டைப் பண்ணினா ஓடாது.

ஏன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லணும். சாதாரண தரத்தில் நாங்க பஸ்கால் படிச்சோம். அங்கே 'பிகின்', 'எண்ட்' போட்டுத் தொகுதியைத் திறந்து மூடுவோம். வரியை எங்கே தொடங்கினாலும் பஸ்காலுக்குக் கவலையில்லை. உயர்தரத்தில் பைத்தன். அதில் பிகினும் கிடையாது, எண்டும் கிடையாது. வரிக்கு முன்னால் விடுற வெற்றிடம்தான் இலக்கணம். காலை 6 கிலோ, பகல் 7, அந்திக் கொழுந்து 5 என்று வைங்க. கூட்டுற வரி 'ஃபோர்' சுற்றுக்குள்ளும் 'பிரின்ட்' வரி வெளியிலும் இருந்தா 18 என்று ஒரு விடை வரும். பிரின்ட் வரியும் உள்ளே தள்ளிப்போனா 6, 13, 18 என்று மூன்று வரி வரும். எழுத்து ஒன்றுகூட மாறலை, வெற்றிடம் மட்டும்தான் மாறிச்சு. (தோட்டத்துத் தராசைப் பற்றித் தனியா எழுதணும். அது வேற கதை.)

அந்த வெற்றிடத்தை டெப் கீயால் விடுறதா, ஸ்பேஸால் விடுறதா என்பதுதான் சண்டை. உலகம் இதை ஜோக் ஆக்கிடுச்சு. 2016இல் 'சிலிக்கன் வேலி' தொடரில் இதுக்காக ஒரு காதலே முறிஞ்சது. 2017இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன் கருத்துக்கணிப்பை வச்சு, ஸ்பேஸ் போடுறவங்க கூடச் சம்பளம் எடுக்கிறாங்கன்னு எழுதியது. அதைத் தூக்கிக்கிட்டு எங்க கட்சிக்கு வர்றவங்க தயவுசெய்து வெளியே நில்லுங்க. கீயை நாலு தரம் தட்டினா சம்பளம் ஏறும்னா எங்க ஊர் எப்பவோ பணக்கார ஊர்.

எதிர்க்கட்சியும் சின்ன ஆட்கள் இல்லை. லினக்ஸ் கெர்னல் டெப்பில், எட்டெழுத்து அகலத்தில் எழுதப்படுது. கோ மொழி டெப். மேக்ஃபைலில் டெப் இல்லாட்டி வேலையே நடக்காது. அதனால, "இதெல்லாம் ரசனை தம்பி, எடிட்டர் பாத்துக்கும்" என்று கொழும்பில் வேலை செய்யிற அண்ணன்மார் சொல்லுறாங்க. சொந்த லெப்டொப்பும் ஒரே எடிட்டரும் இருக்கிறவங்களுக்கு அது சரிதான்.

எங்க ஃபைல் அப்படி ஒரு இடத்தில் உட்காருறதில்லை. பள்ளிக்கூட லெப்பில் ஒரு மெஷினுக்கு மூணு பேர், நாப்பது நிமிஷப் பாடம். அங்கே ஐடிலில் பாதி எழுதி, பென் டிரைவில் எடுத்து, யாரோ ஒரு அண்ணனின் லெப்டொப்பில் நோட்பேட் திறந்து மீதியை எழுதுவோம். ஐடிலில் டெப் கீயைத் தட்டினாலும் விழுறது நாலு ஸ்பேஸ். நோட்பேடில் விழுறது நிஜ டெப், காட்டுறது எட்டெழுத்து அகலம். ஆக இரண்டாம் படியில் நிக்கிற எட்டு ஸ்பேஸ் வரியும், அதுக்குக் கீழே ஒரு டெப்போட நிக்கிற வரியும் கண்ணுக்கு ஒரே நிரை. பைத்தன் 3 அதை ஏத்துக்காது, 'டெப்எரர்' என்று நிறுத்திடும். தமிழ் மீடியத்துப் புள்ளை அந்த ஆங்கில வரியையும் நேரா நிக்கிற தன் நிரலையும் மாறி மாறிப் பார்த்து, "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டுது. பழைய பைத்தன் 2 இன்னும் மோசம். டெப்பை எட்டின்னு தானே கணக்குப் போட்டு, சத்தமில்லாமல் ஓடிடும்.

அதனால்தான் நாங்க ஸ்பேஸ் கட்சி. பைத்தனின் சொந்த நடைவழிகாட்டியான பெப் 8உம் நாலு ஸ்பேஸ்தான் சொல்லுது. நிரல்களுக்குரிய சம அகல எழுத்தில் நாலு ஸ்பேஸ் எந்த மெஷினிலும் நாலு எழுத்து அகலம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கு: பரீட்சையில் நிரலைக் கையால்தான் எழுதுறோம். தாளில் டெப் கீ கிடையாது. நாலெழுத்து இடம் விட்டுப் பழகின கை அங்கேயும் விடும்.

போனில் எழுதுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல கீபோர்டில் ஸ்பேஸை இரண்டு தரம் தட்டினா முற்றுப்புள்ளி விழும். செட்டிங்ஸில் அதை முதலில் நிறுத்துங்க.

டெப் கட்சியிடம் நாங்க மதிக்கிற வாதம் ஒன்றே ஒன்று. பார்வை குறைஞ்சவங்க டெப்பின் அகலத்தைத் தங்கள் கண்ணுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கலாம். பிரெயில் திரையில் நாலு ஸ்பேஸ் நாலு கட்டத்தைத் தின்னும், டெப் ஒன்றோடு போகும். அப்படி ஒரு நண்பர் உங்க குழுவில் இருந்தா, மொத்தக் குழுவும் டெப்புக்கு மாறுங்க, நாங்களும் மாறுவோம். கலக்காமல் இருந்தா பைத்தனுக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆனா நோட் அடிக்கிற சேர்மாரே, நிரலை சென்டர் பண்ணாதீங்க. சம அகல எழுத்தில், இடதுபக்கமாக, நாலு நாலாகத் தள்ளி அடிங்க. கடைக்காரருக்கு அது தெரியாது, நீங்கதான் சொல்லணும்.

தம்பியின் நோட்டில் முதல் ஆறு நிரலுக்குப் பென்சிலால் செங்குத்துக் கோடு போட்டு, எந்த வரி எந்தக் கோட்டில் தொடங்கணும்னு குறிச்சுக் கொடுத்திருக்கோம். மீதி ஞாயிற்றுக்கிழமை.